தனியாக நின்று போராடாதீர்கள்: ஆவிக்குரிய போராட்டத்தில் இருக்கும் புது விசுவாசிக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்களுக்கும், வேலைக்காகவோ படிப்புக்காகவோ ஊர் மாறி, பழகிய சபையை விட்டு வந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பயம், விட்டுவிட்டதாக நினைத்த பழைய பழக்கம், ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் வராத வறட்சி, 'தேவன் இருக்கிறாரா' என்கிற சந்தேகம் என்று போராட்டம் எந்த உருவத்திலும் வரும். வந்ததும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ஜெபம் பண்ணுங்க, கர்த்தர் பார்த்துக்குவார்." யாரோடு ஜெபிப்பது, எந்த நேரத்தில், எதை வெளியே சொல்வது, எதைச் சொல்லக்கூடாது, பணம் கேட்டால் என்ன செய்வது என்று சொல்ல ஆளில்லாமல் நான் அங்கும் இங்கும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

'கர்த்தர் பார்த்துக்குவார்' என்று நாமே சொல்லிக்கொள்வது பல நேரம் விசுவாசத்தில் வருவதில்லை, வெட்கத்தில் வருகிறது. யாரிடமும் வாய் திறக்காமல் இருக்க அது வசதியான வாக்கியம். எபேசியர் 6-ஆம் அதிகாரத்தில் சத்தியத்தின் கச்சை, விசுவாசத்தின் கேடகம் என்று தேவன் தரும் முழுப் போர்க்கவசமாகிய சர்வாயுதவர்க்கத்தை வரிசையாகச் சொல்லி முடித்த பவுல், அடுத்த மூச்சில் 'எனக்காகவும் விண்ணப்பம் பண்ணுங்கள்' என்று சபையைக் கேட்கிறார். சங்கிலியில் கட்டப்பட்டிருந்த அப்போஸ்தலனுக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

1. எதனோடு போராடுகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கைபேசியில் வேண்டாம்; வீட்டில் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு வாரத்துக்குத் தினமும் மூன்று வரி: போராட்டம் எப்போது வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு தூங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள்.

தூக்கமும் சாப்பாடும் எதற்கு என்று கேட்காதீர்கள். 1 இராஜாக்கள் 19-இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, சாகவேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்த பிறகுதான் ஓரேப் மலைக்குப் பயணம். இரவு ஷிப்ட் முடித்து, பகலில் நான்கு மணி நேரம் தூங்கி, டீயும் பன்னுமாக நாளை ஓட்டுகிறவருக்கு மனம் இருண்டு போனால், முதல் சந்தேகம் பிசாசின்மேல் போகவேண்டியதில்லை.

நோட்டைப் பார்த்தால் சில விஷயம் தானாகப் பிரியும். சில, மனந்திரும்பி விடவேண்டிய பாவம். சில, தாங்கிக் கடக்கவேண்டிய சோதனை. சில, டாக்டரிடம் போகவேண்டியவை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் அழுகையாகவே வந்தால், அல்லது யாரும் இல்லாத இடத்தில் குரல் கேட்டால், ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். டெலி மானஸ் என்கிற அரசு உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள், அப்போதே கூப்பிடுங்கள்.

இன்னொன்று. வீட்டில் உங்களை ஒருவர் அடிக்கிறார் என்றால் அதற்கு ஆவிக்குரிய போராட்டம் என்று பெயர் வைத்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பேச்சைக் கேட்கவேண்டாம். பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கு 1098. ஜெபம் அதற்குப் பிறகும் பண்ணலாம்.

2. தினமும் கர்த்தரோடு பதினைந்து நிமிடம்

சேர்ந்து ஜெபிக்க ஆளைத் தேடும் முன் இதைத் தொடங்கிவிடுங்கள். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் ஜெபிப்பேன் என்று தீர்மானம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் வியாழக்கிழமைக்குள் விட்டுவிடுகிறார்கள். பதினைந்து நிமிடம் போதும், ஒரே நேரம், ஒரே இடம். ஹாஸ்டலில் இடமில்லாவிட்டால் மொட்டை மாடி.

வசனத்தைப் பொத்தாம்பொதுவாகப் படிக்காமல், உங்கள் போராட்டத்துக்கு நேரான மூன்று வசனத்தை மனப்பாடம் பண்ணுங்கள். இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்பட்டபோது மூன்று முறையும் உபாகமத்திலிருந்துதான் பதில் சொன்னார். அந்த நேரத்தில் சுருளைத் தேடி எடுத்து வாசிக்கவில்லை, உள்ளே இருந்தது வெளியே வந்தது. பயத்துக்கு சங்கீதம் 56:3, "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பழக்கத்தோடு போராடுகிறவர்களுக்கு 1 கொரிந்தியர் 10:13. எதிர்த்து நிற்க யாக்கோபு 4:7. ஆனால் அந்த வசனத்தை முழுதாகப் படியுங்கள். "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" என்பதை மட்டும் சத்தமாகச் சொல்கிறவர்கள், அதற்கு முன்னால் இருக்கும் "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஜெபம் வராத நாளில் 13-ஆம் சங்கீதத்தை உங்கள் ஜெபமாக வாசியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்டிருக்கிறார், நீங்களும் கேட்கலாம். 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரை இருட்டாகவே இருக்கும். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

செலவு: வேதாகமம் இல்லாவிட்டால் இந்திய வேதாகமச் சங்கத்தின் கடையில் குறைந்த விலையில் கிடைக்கும். கைபேசியில் இலவசச் செயலிகள் இருக்கின்றன.

3. சபையில் பேர் கொடுங்கள்

யூடியூப்பில் ஆராதனை பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம் என்று தோன்றும். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அந்த ஊழியருக்குத் தெரியப்போவதில்லை.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) அல்லது லுத்தரன் சபை என்றால் மூன்று காகிதத்தைத் தயார் செய்யுங்கள்: ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) ஆகியிருந்தால் அந்தச் சான்றிதழ், பழைய சபையின் ஆயர் (போதகர்) ஐயாவிடமிருந்து மாற்றுக் கடிதம். கடிதம் கேட்கும் முன் வீட்டில் சபைக்குக் கட்டும் சந்தா பாக்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள். பாக்கி இருந்தால் அதைக் கட்டிவிட்டு வாங்கச் சொல்லும் சபைகள் நிறைய. ஞானஸ்நானச் சான்றிதழ் தொலைந்திருந்தால், உங்கள் பெயர், பெற்றோர் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று எழுதிக் கொடுத்தால் பதிவேட்டைப் பார்த்துத் தருவார்கள். சில இடத்தில் அன்றே கிடைக்கும், சில இடத்தில் கோவில்பிள்ளை (ஆலயப் பணியாளர்) பழைய ரெஜிஸ்டரைத் தேடி எடுக்கச் சில வாரம் ஆகும். ஊரில் இருக்கும் சித்தப்பாவையோ பெரியம்மா மகனையோ நேரில் போகச் சொல்லுங்கள், போனில் நகராது.

கத்தோலிக்கர் என்றால் பங்கு அலுவலகத்தில் பதிந்துகொண்டு, 'எங்கள் தெரு எந்த அன்பியத்தில் வருகிறது' என்று கேளுங்கள். வீடு வீடாகக் கூடும் அந்தச் சிறு கூட்டம்தான் உங்களுக்குத் தேவை.

பெந்தெகொஸ்தே சபைகளில் காகிதம் பெரும்பாலும் கேட்பதில்லை. அங்கே எதிர்ப்படுவது வேறு: சேர்ந்த சில வாரத்திலேயே முழுக்கு ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பார்கள். உங்களுக்குத் தெளிவு வந்த பிறகு எடுங்கள். "பாஸ்டர், எனக்குக் கொஞ்சம் டைம் வேணும்" என்று சொன்னால் நல்ல போதகர் காத்திருப்பார்.

காகிதம் வந்து சேரும்வரை சும்மா இருக்கவேண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடாமல், வாரநாளில் வீட்டு ஜெபக்கூட்டம் எங்கே என்று கேட்டு அதற்குப் போங்கள். முந்நூறு பேர் கூடும் ஆராதனையில் நீங்கள் ஒரு முகம். பன்னிரண்டு பேர் உட்காரும் வீட்டில் அடுத்த வாரம் வராவிட்டால் போன் வரும்.

4. இரண்டு பேர், அல்லது மூன்று பேர்

சேர்ந்து ஜெபிக்க ஆள் தேடும் இந்த வேலைக்குத்தான் நாளெடுக்கும். ஒரு மாதமாவது கொடுங்கள். போராட்டம் முற்றிய பிறகு ஆள் தேடினால் கையில் கிடைத்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவோம். நன்றாக இருக்கும்போதே தேடவேண்டும்.

எத்தனை பேர்? தானியேல் இராஜாவின் சொப்பனத்தை அறியவேண்டிய இரவில் மூன்று தோழர்களிடம் சொல்லி ஜெபிக்கச் சொன்னார். ரெவிதீமில் அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கைகள் தளர்ந்தன. ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று சூரியன் அஸ்தமிக்கும்வரை தாங்கினார்கள். அவரைக் கல்லின்மேல் உட்காரவைத்ததும் அவர்கள்தான். இயேசுவுக்குப் பன்னிரண்டு சீஷர்கள் இருந்தும், கெத்செமனேயில் தம் துக்கத்தைத் திறந்து சொன்னது பேதுருவிடமும் செபெதேயுவின் குமாரர் இருவரிடமும் மட்டுமே. எல்லாரும் எல்லாவற்றையும் அறியவேண்டியதில்லை.

ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜெபக்கூட்டத்தில் யார் சத்தமாக ஜெபிக்கிறார் என்று பார்க்காதீர்கள். கூட்டம் முடிந்து, ஜமுக்காளத்தைச் சுருட்டி, டீ டம்ளரைக் கழுவப்போடும் அந்தக் கால்மணி நேரத்தைக் கவனியுங்கள். 'போன வாரம் அம்மாவுக்கு முடியலைன்னு சொன்னியே, இப்ப எப்படி இருக்காங்க' என்று கேட்கிறவர் ஒருவர் இருப்பார். கேட்டதை ஒரு வாரம் மனதில் வைத்திருந்திருக்கிறார். அவரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே கால்மணி நேரத்தில் இன்னொரு ரகமும் தெரியவரும். "அந்த மேரி சிஸ்டர் வீட்டுல பெரிய பிரச்சினையாம், ஜெபிச்சுக்கோங்க" என்று உங்கள் காதில் போடுவார். பெயர் எதுவாகவும் இருக்கலாம், அடுத்த வாரம் அது உங்கள் பெயராக இருக்கும். நீதிமொழிகள் 11:13 இவர்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும்: "புறங்கூறித்திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான்; ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்." ஜெபக் குறிப்பு என்கிற பெயரில் ஊர்க்கதை பேசுவது நம் சபைகளில் நடக்கிற அளவு டீக்கடையில்கூட நடப்பதில்லை.

ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழமைவாதம் என்று சொன்னாலும் பரவாயில்லை. இரவு பதினொரு மணிக்கு அழுதுகொண்டே பேசவேண்டிய உறவு இது. கல்யாணமானவர்கள் கணவனுக்கோ மனைவிக்கோ தெரிந்துதான் இதைச் செய்யவேண்டும், அதேநேரம் அவர் தலையிலேயே எல்லா பாரத்தையும் ஏற்றவும் வேண்டாம். கூடியமட்டும் ஒருவராவது உங்களைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கட்டும். நீங்கள் எதில் விழுகிறீர்களோ அதிலேயே இன்று விழுந்து கிடக்கிறவர் உங்களுக்கு இரக்கம் காட்டுவார், தூக்கிவிட அவரால் முடியாது.

கேட்பதற்குத் தயக்கமாக இருக்கும். சுற்றி வளைக்காமல், ஒரு கால வரம்போடு கேளுங்கள்:

"அக்கா, உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். வாரத்துல ஒரு நாள் அரைமணி நேரம் என்கூட சேர்ந்து ஜெபிப்பீங்களா? மூணு மாசத்துக்குத்தான் கேக்கறேன், அப்புறம் உங்களுக்குத் தோதுப்பட்டா தொடரலாம்."

"என்ன விஷயம்னு இப்பவே சொல்லணும்னு இல்லம்மா. புதன்கிழமை பிள்ளைங்க டியூஷன் போனதும் எட்டு மணிக்குப் போன் பண்ணு."

இப்படிப் பதில் சொல்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். முதல் பேச்சிலேயே முழுக் கதையையும் கறக்கப் பார்க்கிறவரிடம் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடலாம்.

மாட்டேன் என்று சொன்னால் கோபப்படாதீர்கள். அவர் வீட்டில் என்ன ஓடுகிறதோ.

5. எதை, யாரிடம், எவ்வளவு சொல்வது

யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. அதை வாட்ஸ்அப் குரூப்பில் செய்யச் சொல்லவில்லை. நூற்றைம்பது பேர் இருக்கும் சபைக் குழுவில் போடும் குறிப்பு ஸ்கிரீன்ஷாட்டாகச் சொந்த ஊர் அத்தை கைக்குப் போய்ச்சேர ஒரு மணி நேரம் போதும்.

குழுவில் போடுவது: "என் வீட்டில் சமாதானத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான். உங்கள் இரண்டு பேரிடம் சொல்வது: என்ன நடந்தது, எப்போது, அடுத்த ஆபத்து எந்த நாளில். "சம்பளம் வர்ற அன்னைக்கு ராத்திரிதான் எனக்குக் குடிக்கத் தோணும், அன்னைக்கு ஒன்பது மணிக்கு எனக்குப் போன் பண்ணுங்கண்ணா" என்பதுபோல. 'எனக்காக ஜெபிச்சுக்கோங்க' என்று பொதுவாகச் சொன்னால் பொதுவாகத்தான் ஜெபிப்பார்கள். வாய்ஸ் நோட் அனுப்பாதீர்கள். அவர் அதைப் பேருந்தில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார்.

முதல் சந்திப்பிலேயே மூன்று விஷயத்தைப் பேசி முடியுங்கள். சொன்னது இந்த வட்டத்தை விட்டு வெளியே போகாது. போதகரிடம் சொல்லவேண்டி வந்தால் என்னிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றாலோ, ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்றாலோ இந்த இரகசியம் செல்லாது. கத்தோலிக்கர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) சொன்னதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லமுடியாது என்கிற கட்டுப்பாடு இருக்கிறது. மற்ற சபைகளில் அது ஆளின் குணத்தைப் பொறுத்தது, ஆகவே பேசித்தான் வைக்கவேண்டும்.

6. உபவாசமும் முழு இரவு ஜெபமும்

பல சபைகளில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் இருக்கும். காலையில் தொடங்கி மதியம் கஞ்சியோடு முடியும். புதியவர்கள் ஒரு வேளையோடு தொடங்குங்கள், தண்ணீரை விடவேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக்கூடாது. சாப்பாட்டுக்குப் பதிலாகக் கைபேசியை அணைத்து வைத்து ஒரு நாள் இருந்து பாருங்கள், அதுவும் லேசில்லை. முழு இரவு ஜெபத்துக்குப் போனால் திரும்பும் வழியை முன்கூட்டிப் பேசி வையுங்கள்; விடிகாலை மூன்று மணிக்கு ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு வாரம் காய்கறி வாங்கிவிடலாம். மறுநாள் வண்டி ஓட்டும் வேலை இருந்தால் போகவே வேண்டாம்.

7. பணம் கேட்டால்

ஜெபத்துக்குக் கட்டணம் கிடையாது. ஞாயிறு காணிக்கை, சந்தா, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் எல்லாம் சபையை நடத்த விசுவாசிகள் மனதார எடுத்துக்கொள்ளும் பொறுப்பு, அது வேறு கணக்கு. "உங்க கட்டு அறுபடணும்னா இவ்வளவு விதை விதைக்கணும்" என்று காணிக்கையாக ஒரு தொகையைச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எண்ணெய் பாட்டில், கைக்குட்டை, ஜிபே எண்ணோடு வரும் 'தனிப்பட்ட தீர்க்கதரிசனம்' எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். சீரியப் படைத்தலைவன் நாகமானின் குஷ்டம் நீங்கியபோது எலிசா தீர்க்கதரிசி ஒரு காசும் வாங்கவில்லை. பின்னாலேயே ஓடி இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் வாங்கிய அவருடைய வேலைக்காரன் கேயாசிக்கு அந்தக் குஷ்டம்தான் வந்தது. "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்பது மத்தேயு 10:8.

மருந்தை நிறுத்தச் சொல்கிறவரிடமும் இதே கண்டிப்பு வேண்டும். வலிப்புக்கும் மனநலத்துக்கும் எடுக்கும் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடம்பு கடுமையாகத் திருப்பி அடிக்கும். விடுதலை கிடைத்துவிட்டதாக நம்பினால், எழுதிக்கொடுத்த டாக்டரே பார்த்துக் குறைக்கட்டும்.

அடிப்பது, கட்டிவைப்பது, அறைக்குள் பூட்டிவைத்து ஜெபிப்பது என்று யாராவது இறங்கினால் அது ஊழியம் அல்ல, குற்றம். 112.

8. இரவு இரண்டு மணிக்கு வந்தால்

ஒரு தாளில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கைப் போடு. அறையை விட்டு வெளியே வா. முகம் கழுவு. மனப்பாட வசனத்தைச் சத்தமாக மூன்று முறை சொல். முதல் ஆளுக்குப் போன். எடுக்காவிட்டால் இரண்டாவது ஆளுக்கு. அவரும் எடுக்காவிட்டால் 14416. எந்த நேரத்திலும் கூப்பிடலாமா என்று அந்த இரண்டு பேரிடமும் பகலிலேயே கேட்டு வைத்திருக்கவேண்டும். போனை சைலண்டில் போட்டுத் தூங்குகிறவர் என்றால், உங்கள் எண்ணுக்கு மட்டும் மணி அடிக்கும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள்.

பேசுவதற்கு வார்த்தை வராமல் போகலாம். "அண்ணா, முடியல" என்ற இரண்டு சொல் போதும் என்று முன்பே பேசிவைத்திருந்தால், அவர் கேள்வி கேட்காமல் ஜெபிக்கத் தொடங்குவார்.

9. ஆட்கள் கைவிடும்போது

விடுவார்கள். கெத்செமனேயில் அந்த மூன்று பேரும் தூங்கினார்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தபிறகுதான் 'உன் பாவம்தான் காரணம்' என்று ஆரம்பித்தார்கள். உங்களோடு ஜெபிக்கும் அக்காவுக்கோ அண்ணனுக்கோ களைப்பு வரும், சில வாரம் போனை எடுக்கமாட்டார்கள், சில நேரம் புண்படும்படி ஏதாவது சொல்வார்கள். அவர்களைக் கர்த்தருடைய இடத்தில் வைத்திருந்தால் அன்றைக்கு விசுவாசமே ஆட்டம் காணும். இரண்டாவது படியில் சொன்ன பதினைந்து நிமிடத்தை ஆள் கிடைத்த பிறகும் விடாதீர்கள் என்பது இதற்காகத்தான்.

மூன்று மாதம் ஆனதும் உட்கார்ந்து பேசுங்கள்: தொடரலாமா, நாளை மாற்றவேண்டுமா, ஒருவர் போதுமா. முதல் நோட்டை எடுத்துப் படித்துப் பாருங்கள். போராட்டம் அப்படியே இருக்கலாம். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அது எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. 'விசுவாசம் பத்தலை' என்று யாராவது சொன்னால் இந்த இடத்தைக் காட்டுங்கள் (2 கொரிந்தியர் 12).

10. மறுபடி ஊர் மாறினால்

மாற்றல் உறுதியானதும் அந்த இரண்டு பேரிடமும், பிறகு ஆயரிடமும் சொல்லுங்கள். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே மாற்றுக் கடிதத்துக்கு எழுதிக் கொடுங்கள். ஆயர் மாற்றல் நடக்கும் சமயமாக இருந்தால் கையெழுத்துக்கு அலையவேண்டி வரும். சந்தா கட்டிய ரசீதுகளை எடுத்து வையுங்கள். சான்றிதழ்களின் நகலை வீட்டில் ஒரு பிரதி, மின்னஞ்சலில் ஒரு பிரதி. போகிற ஊரில் தெரிந்த போதகர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டு எண் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு பார்க்கும்போதே வாரநாள் கூட்டம் எங்கே நடக்கிறது, இரவு அங்கிருந்து திரும்பக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்து, பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.